முதிர்ந்த நாயும் அதன் பிரிவும்: இல்லத்தாருக்குச் சில சொற்கள்

உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், சிலர் முதலில் கேட்பது கட்டணத்தைப் பற்றி அன்று. எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொரு கவலை மறைந்திருப்பதுண்டு. வீட்டில் 12 வயது நாய் ஒன்று இருக்கிறது. வேறு யார் கையாலும் அது உண்ணாது. இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். 'ஒரு நாய்க்காகவா அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறீர்கள்?' என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம்.

ஓசூர், சூளகிரி, பாகலூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் இந்தக் கவலைக்குத் தனிக் காரணம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, பல மாவட்டங்களிலிருந்து வந்து வேலைக்காக இங்கே குடியேறிய குடும்பங்கள் மிகப் பல. முதல் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. பிள்ளைகள் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருவிலோ, கடல் தாண்டியோ இருக்கிறார்கள். உள்ளூரில் இருப்பவர்களும் மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி ஆலைக்குப் போகிறார்கள். பகல் முழுதும் முதியவரோடு வீட்டில் இருப்பது நாய் ஒன்றுதான். அதை நாயி என்று கன்னடத்திலும், குக்க என்று தெலுங்கிலும், குத்தா என்று உருதுவிலும் சொல்பவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. கவலை எல்லா மொழியிலும் ஒன்றே. மனிதருக்கான மருத்துவமனையின் இதழில் நாயைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று எங்களுக்குள் சிறிது விவாதம் நடந்தது. நோயாளியின் உறக்கத்தையும் உணவையும் சிகிச்சை முடிவையும் பாதிக்கிற எதுவும் எங்கள் வேலைக்கு வெளியே இல்லை என்பதே முடிவாயிற்று.

கூச்சப்படுகிறவர்களுக்கு முதலில் இரண்டு கற்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். தருமனைப் பின்தொடர்ந்த நாயின் கதையை எல்லோரும் அறிவர், அதை விட்டுவிடுவோம். இவை கதைகள் அல்ல, கல்வெட்டுகள்.

திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டது. தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குத் தனியே ஓர் எழுத்துப் பொறிப்பும் உண்டு: அதன் பெயர் கோவிவன், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது அந்தப் பொறிப்பு. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் தம் நாயின் பெயர் அழியக் கூடாது என்று எண்ணிச் சிற்பியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றொன்று எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. கி.பி. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். அந்தப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் பக்கம் நின்றவன் கங்க மன்னன் பூதுகன். அவன் தன் வீரன் மணலேரனை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றபோது, மணலேரன் கேட்டது ஊரோ பொன்னோ அன்று; காளி என்னும் வேட்டைநாயை. பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது, இரண்டும் மாண்டன. காளிக்குக் கல் நாட்டி, அதற்கு நிலமும் விட்டார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் அக்கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உண்ணலாகாது என்ற விதியும் அதில் உள்ளது. அந்தக் கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

ஆகவே நாய்க்காக வருந்துவது புதிதாக வந்த நாகரிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதுமை எப்போது தொடங்குகிறது

நாயின் ஓர் ஆண்டு மனிதனின் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்ற கணக்கு பரவலாக உள்ளது, அது சரியன்று. உடல் பருமனுக்கேற்ப முதுமை மாறும். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் போன்ற பெரிய நாய்கள் 7, 8 வயதிலேயே முதுமையின் வாசலில் நிற்கும். பொமரேனியன் போன்ற சிறியவை 10, 11 வயது வரை துள்ளும். நம் தெருவில் பிறந்து வீட்டுக்குள் வந்த நாட்டு நாய்கள் நடுத்தர உடலமைப்புடையவை. தடுப்பூசியும் உணவும் ஒழுங்காகக் கிடைத்தால் 12 முதல் 15 ஆண்டுகள் வாழ்வதைக் காணலாம்.

உணவைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் ஆயுள் முழுவதும் கவனித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்தார்கள். குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நம் பக்கத்தில் அன்பின் அளவு தட்டில் தெரிய வேண்டும் என்ற எண்ணம் வலிமையானது. கேழ்வரகுக் களி உருண்டை, அதன் மேல் பால், பிறகு குழந்தைகளின் பிஸ்கட், இரவில் மீந்த சோறு. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் எடை மிகுதி என்று பொருள். பல் விழுந்த நாய்க்குக் களியை உருண்டையாகப் போடாமல் கூழாகக் கரைத்துக் கொடுப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உறுதியானால் உணவு முறையே மாறும். அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சில மாற்றங்கள் அச்சம் தருவனவாகத் தோன்றினாலும் தீங்கற்றவை. கண்மணியில் நீலம் கலந்த சாம்பல் நிறம் படர்வதைப் பலரும் கண்புரை என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது கண்வில்லை வயதால் இறுகுவதன் விளைவு. பார்வை அவ்வளவாகக் குறைவதில்லை. கண்புரையில் கண்மணி வெண்மையாகும். நாய் மேசைக் காலிலும் கதவிலும் இடிக்கத் தொடங்கும். உடல் சுடுகிறதே என்று அஞ்சுவோரும் உண்டு. நாயின் இயல்பான வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 வரை. நம் கைக்கு அது எப்போதும் சுடும்.

சில மாற்றங்கள் எளியனவாகத் தோன்றினாலும் காத்திருக்கலாகாதவை. தண்ணீர்ப் பாத்திரம் விரைவில் காலியாவது அவற்றுள் ஒன்று. ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், சிறுநீரகம், சர்க்கரை நோய், சுரப்பிக் கோளாறு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கருத்தடை செய்யப்படாத முதிய பெண் நாய், பருவம் வந்து சில வாரங்களுக்குள் சோர்ந்து, மிகுதியாக நீர் குடித்து, வாந்தி எடுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். இரவில் தொடரும் இருமல் இதயத்தின் குறிப்பாக இருக்கலாம். ஈறு வெளுத்து, உண்ண மறுத்தால் உண்ணிக் காய்ச்சலையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூட்டு வலியை நாய் முனகிக் காட்டுவதில்லை. படியேறத் தயங்கிக் காட்டும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில் சிமெண்டுத் தரையில் படுத்தெழும் முதிய நாய், முதல் பத்தடி வைக்கப் படும் பாட்டைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு கோணிச் சாக்குகளை மடித்து, பழைய கம்பளியைப் போர்த்தி, காற்று படாத மூலையில் படுக்கை அமைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். புதிய வீடுகளின் வழுக்கும் டைல்ஸ் தரை மற்றொரு தொல்லை. தேங்காய் நார் மிதியடிகளை வரிசையாகப் போட்டால் நாய் கால் பரத்தி விழாமல் நடக்கும். பின்னங்கால் வலுவிழந்தால், பழைய வேட்டியை வயிற்றடியில் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்து நடத்தலாம்.

மறதி நோய் நாய்க்கும் வரும். இரவில் காரணமின்றிக் குரைத்தல், சுவரைப் பார்த்து நின்றுவிடுதல், கதவின் தவறான பக்கத்தில் காத்திருத்தல், பழகிய வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். கலிபோர்னியாவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டிலும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டிலும் இத்தகைய அறிகுறிகளுள் ஒன்றேனும் காணப்பட்டது. அடித்துத் திருத்தக்கூடிய குறும்பு அன்று அது. வீட்டுப் பொருள்களை இடம் மாற்றாதிருப்பதும், உணவு நேரத்தை மாற்றாதிருப்பதும், சிறிய இரவு விளக்கு ஒன்றை எரிய விடுவதும் உதவும், மருந்துகளும் உண்டு.

வீட்டுக்குள் நோயாளி, வாசலிலும் நோயாளி

ஒரே வீட்டில் நோயுற்ற முதியவரும் முதிய நாயும் இருக்கும்போது எழும் சிக்கல்களே எங்களுக்கு மிக நெருக்கமானவை. இங்கு முதலாவதாகச் சொல்ல வேண்டியது மருந்துப் பெட்டியைப் பற்றி. உங்களுக்கு மூட்டு வலிக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய வல்லவை. பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். வலி குறைக்க நாய்க்கென மருந்துகள் இருக்கின்றன. அவற்றின் அளவைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர் மாத்திரைகளை நாய்க்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். ஃபுளூரோயூராசில் களிம்பைத் தோலில் தடவுவோர் அந்த இடத்தை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிதளவே அதன் உயிருக்கு ஆபத்து. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை.

கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்று செய்துகொண்டோரும், எதிர்ப்பாற்றல் குறைந்தோரும், நாயை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை. பழகிய முதிய நாயைவிட, வயிற்றுப்போக்குள்ள புதிய குட்டியே தொற்றுக்கு மிகுந்த வாய்ப்புடையது. ஆனால் மலத்தையும் சிறுநீரையும் சுத்தம் செய்வது வீட்டில் வேறொருவரின் வேலையாக இருக்கட்டும். அவரும் கையுறை அணியட்டும், ஏனெனில் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். புண், ஊசிக்குழாய் பொருத்திய இடம், தையல் ஆகியவற்றை நாய் நக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், இழுத்து ஓடும் நாயின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இருட்டில் வழியில் படுத்திருக்கும் நாய் மீது தடுக்கி விழுவதும் இடுப்பெலும்பு முறியப் போதுமானது. அந்த இரவு விளக்கு இருவருக்கும் பயன்படும்.

'இத்தனை வயதுக்குப் பிறகு இதற்கு எதற்குத் தடுப்பூசி?' என்ற பேச்சையும் கேட்கிறோம். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தொடர வேண்டும். முதிய நாய் திடீரெனக் குணம் மாறினாலோ, விழுங்க முடியாமல் எச்சில் வடித்தாலோ, தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கை விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, புண் மீது எச்சில் பட்டாலோ, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தத் தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. நம் வீட்டு நாய்தானே என்ற நம்பிக்கை இந்த ஒரு நோயில் செல்லாது.

படுத்த படுக்கையான நாயைப் பராமரிப்பது, படுத்த படுக்கையான மனிதரைப் பராமரிப்பதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், இடுப்பு முட்டியில் புண் வராமல் மெத்தென்ற விரிப்பு இடுதல், ஈரம் தங்காமல் துடைத்தல், தலையைச் சிறிது உயர்த்தி நீர் புகட்டுதல்: எங்கள் வார்டுகளில் தாயையோ கணவரையோ பார்த்துக்கொண்டவர்கள் இவை அனைத்தையும் ஏற்கெனவே அறிவார்கள். களைப்பும் அதே களைப்புதான். அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற நாய், பூனைகளைப் பராமரிப்போரிடம் மன அழுத்தமும் பதற்றமும் மிகுந்திருப்பது தெரியவந்தது. இரவு ஷிப்டு முடிந்து வந்து, அப்பாவுக்கு இன்சுலின் போட்டு, நாயின் விரிப்பை மாற்றிவிட்டுப் படுக்கப் போகிறவருக்கு இது செய்தி அல்ல. வாரத்தில் ஒரு நாளேனும் அந்த வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும் என்று வீட்டார் கூடிப் பேச வேண்டும். செலவையும் கால்நடை மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள். இருக்கும் பணத்துக்குள் எதை முதலில் செய்வது என்று கேட்பதில் இழிவொன்றும் இல்லை.

'ஊசி போட்டுவிடலாமா?'

கருணைக் கொலை என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. 'ஊசி போட்டுவிடலாமா?' என்றுதான் கேட்கிறார்கள், அதுவும் மெல்லிய குரலில். வேறு வழியற்ற துன்பத்திலிருக்கும் விலங்கை வலியின்றி முடிவடையச் செய்ய, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சட்டத்துக்கு வழிகோலியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக அதனை முதலில் கொண்டுவந்தார். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் வாட நேரும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. முதிய நாயைக் காரில் ஏற்றி நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு வருவது அந்தக் குற்றத்தில் சேரும்.

எப்போது என்பதே கடினமான கேள்வி. ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004இல் வகுத்த அளவுகோல் ஒன்று பலருக்கு உதவுகிறது. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்திருத்தல் என ஏழு கூறுகள். நிலை நன்றாக இருந்தால் பத்து, மிக மோசமானால் சுழியம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கருத்து. வீட்டார் ஒவ்வொருவரும் தனித்தனியே எண் இட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். தினமும் அருகில் இருந்து துடைத்துவிடுபவர் இடும் எண்ணும், மாதம் ஒருமுறை ஊரிலிருந்து வருபவர் இடும் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. அருகில் இருப்பவரின் எண்ணுக்கே நாங்கள் அதிக மதிப்பளிப்போம்.

முடிவெடுத்தால், என்ன நடக்கும் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது. முதலில் மயக்க ஊசி, நாய் உறங்கிவிடும். பிறகு நரம்பு வழியே மயக்க மருந்தை மிகுந்த அளவில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிற்கும். கண்கள் மூடாமலே இருக்கலாம், உயிர் பிரிந்த பின்னும் ஓரிரு மூச்சிழுப்பு போன்ற அசைவு தோன்றலாம், சிறுநீர் கழியலாம். அது வலியின் அடையாளம் அன்று. பழகிய குரல் அருகில் இருப்பது நாய்க்கு ஆறுதல். ஆனால் பார்க்க இயலாதவரை வற்புறுத்த வேண்டாம்.

சமய நம்பிக்கையால் இதை ஏற்காத குடும்பங்களும் உண்டு. அவர்களை நாங்கள் குறைகூற மாட்டோம். இயற்கையாக முடியட்டும் என்று இருப்பவர்கள், வலி மருந்தையும் நீரையும் தூய்மையையும் கடைசி மணி வரை தர வேண்டும். அது இல்லாமல் முற்றத்தில் கட்டிப் போட்டுவிட்டு இயற்கை என்று சொல்வதை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை.

பிரிவுக்குப் பின்

அடக்கம் செய்ய ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறையாத குழி வேண்டும். கிணறு, ஆழ்துளைக் குழாய், ஓடை ஆகியவற்றுக்கு விலகி இருக்க வேண்டும். சுண்ணாம்பு தூவலாம். சொந்த நிலமில்லாத வாடகை வீட்டாரும் அடுக்ககத்தாரும் மாநகராட்சி அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்வது, அந்த நேரத்து அலைச்சலைக் குறைக்கும். வெறிநோய் ஐயம் இருந்தால் உடலைத் தொடாமல் கால்நடைத் துறையினருக்குத் தெரிவியுங்கள்.

துயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கென்னத் டோகா என்னும் அமெரிக்க அறிஞர் 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: சமூகம் துயரமென்றே ஏற்காத துயரங்கள் உண்டு; அவற்றை அனுபவிப்போர் வெளிப்படையாக அழவும் முடியாமல், ஆறுதல் பெறவும் முடியாமல் தவிக்கிறார்கள். நாயின் சாவு அவற்றுள் ஒன்று. அதற்குத் துக்க விடுப்பு இல்லை. எட்டாம் நாள், பதினாறாம் நாள் இல்லை. மறுநாள் காலை ஷிப்டு பேருந்தில் ஏறியாக வேண்டும். 'போனால் போகிறது, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்' என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்; கேட்பவருக்கு அது சுடுகிறது. 2024 அக்டோபர் 9 அன்று மறைந்த ரத்தன் டாடாவின் உடலுக்கு மும்பையில் மக்கள் அஞ்சலி செலுத்தியபோது, அவர் வளர்த்த கோவா என்னும் நாயையும் அழைத்து வந்தார்கள். ஓசூரில் அவர் குழுமத்தின் கைக்கடிகார ஆலையில் பணிபுரிந்தோர் பலரும் அக்காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். யாரும் நகைக்கவில்லை.

உடலும் பாதிக்கப்படலாம். தன் நாய் இறந்த பின் மாரடைப்பு போன்ற நெஞ்சு வலியோடு வந்த அமெரிக்கப் பெண்ணொருவரின் நிலையை 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் பதிவு செய்தது. இதயக் குழாய்களில் அடைப்பில்லை; பெரும் மன அதிர்ச்சியால் இதயத் தசை தற்காலிகமாகத் தளரும் டாகோட்சுபோ என்னும் நிலை அது. எனவே துயரத்தில் இருக்கும்போது வரும் நெஞ்சு வலியை மனக்கவலை என்று ஒதுக்கிவிடாமல் உடனே வாருங்கள். உறக்கமின்மையும் உணவு வெறுப்பும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுந்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். நாய்க்காகத்தான் அழுகிறேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

குழந்தைகளிடம் 'தூங்குகிறது', 'ஊருக்குப் போயிருக்கிறது' என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் பிள்ளைகளும், வாசலிலேயே காத்திருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் உருவாகிறார்கள். இறந்துவிட்டது, இனி வராது என்று எளிய சொற்களில் சொல்லி, குழிக்கு ஒரு பிடி மண் போட அழைத்துச் செல்லலாம். வீட்டில் மற்றொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். இத்தாலியில் 426 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், துணை நாய் இறந்தபின் தம் நாயிடம் மாற்றம் கண்டதாக 86 விழுக்காட்டினர் கூறினர்: உணவு குறைதல், விளையாட்டு குறைதல், ஒட்டிக்கொண்டே இருத்தல்.

வார்டில் இருப்பவரிடம் சொல்வதா?

வீட்டு நாய் இறந்துவிட்டது. வளர்த்தவரோ எங்கள் படுக்கையில் இருக்கிறார். சொல்லக் கூடாது என்று குடும்பம் முடிவு செய்துவிடுகிறது. தினமும் மாலையில் 'சாப்பிட்டானா?' என்று அவர் கேட்கிறார். 'சாப்பிட்டான்' என்று இவர்கள் சொல்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் வீடு திரும்பியதும் வெறுமையான சங்கிலியைப் பார்க்கும் நோயாளி, இழப்போடு சேர்த்து, இத்தனை நாளும் தம்மிடம் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்பதையும் தாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறது என்று அதே பிள்ளைகள் சொல்லும்போது அவர் நம்பத் தயங்குகிறார். ஆகவே சொல்லிவிடுவதே பெரும்பாலும் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

சேர்க்கையின்போதே வீட்டில் நாய் இருப்பதையும், அதை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதையும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அதன் உணவு நேரம், மருந்து, கால்நடை மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். முதிய நாயாக இருந்தால், நிலை மோசமானால் என்ன செய்ய வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தையும் அதிலேயே எழுதுங்கள். நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்க வேண்டியவருக்கு அந்த ஒரு வரி பெரிய துணை. துயரச் செய்தி வந்தால், வார்டுக்குள் வரும் முன் பொறுப்பு மருத்துவரையோ தலைமைச் செவிலியரையோ பாருங்கள். இரத்த அழுத்தம், இதயத்தின் நிலை, அடுத்த சிகிச்சை நாள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, எந்த நாளில், யார் வாயால் சொல்வது என்பதைச் சேர்ந்து தீர்மானிக்கலாம். பார்வையாளர் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். அழுது முடியும் வரை உடன் இருக்கக்கூடியவர் சொல்லட்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை மட்டும் வேண்டாம்.